ஒன்றுக்கு எட்டு

பிரண்டியின் பந்தயக்கடையில் ஐம்பது யூரோவைக் கட்டி, சீட்டை நாலாக மடித்துச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தபோது, மலக்கி கோர்ம்லிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேலைத் தொப்பியைக் கழற்றிக் காரிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தான். ஆளில்லாத மத்தியான நேரம். பிரண்டியைத் தவிர ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மழைக்கு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினான். கடைக் கண்ணாடியில் தற்செயலாகத் தன் முதுகு தெரிந்தது. பச்சைக் கோட்டு. முதுகு முழுக்க வளைந்த மூக்கோடு ஒரு பறவை. அதற்குக் கீழே சாண் உயர எழுத்தில் 'கர்லியூ ஏர்'.

"அடப்பாவி!" என்றான் தனக்குத் தானே.

அவன் கட்டியது என்ன பந்தயம் என்பதைச் சொன்னால்தான் இந்த 'அடப்பாவி'யின் கனம் புரியும். பிரண்டி கடைக்குச் சோறு போடுவது குதிரையும் நாயும். ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது வாசலில் தொங்கும் கரும்பலகை. நாட்டு நடப்பு, ஊர் நடப்பு எல்லாம் அதில் பந்தயமாக ஏறிவிடும். இடைத்தேர்தலில் யார் ஜெயிப்பார், பிஷப் ராஜினாமா செய்வாரா, புறவழிச்சாலை ஈஸ்டருக்குள் திறக்குமா என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்த நவம்பரில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'டிசம்பர் 31 நள்ளிரவுக்குள் கர்லியூ ஏர் இழுத்து மூடப்படும். ஒன்றுக்கு எட்டு.'

மலக்கி இருபத்து மூன்று வருஷமாக கர்லியூ ஏர் என்ற அந்தச் சின்ன விமானக் கம்பெனியின் கவுன்டரில் நின்று பெட்டிக்கு எடை போட்டு, சீட்டுக் கிழித்துக் கொடுப்பவன். போதாக்குறைக்கு யூனியன் செயலாளர்.

அவனை ரொம்பத் திட்டிவிடவும் முடியாது. அன்று காலையில்தான் மேனேஜர் அசம்ப்டா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும் மலக்கி" என்று ஆரம்பித்திருந்தாள். விமானத்தில் நாற்பத்தெட்டு இருக்கை. வருஷக் கடைசி வரைக்கும் தினமும் முப்பது பேராவது ஏற வேண்டும். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கடன் கொடுத்தவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். இப்போது ஏறுவது பதினொன்று.

ஐம்பத்தாறு வயதில் வேலை போனால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதையே நினைத்துக்கொண்டு கவுன்டருக்குத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கவுன்டர் ஃபின்டன் வந்து நின்றான். கல்யாணமாகி இரண்டு வருஷம், வீட்டில் ஆறு மாதக் குழந்தை.

"அண்ணே, அந்த வீட்டுக் கடன் பத்திரம் வந்துடுச்சு. கையெழுத்துப் போடலாமா? கம்பெனி நிலைச்சு நிக்கும்ல?"

யூனியன் செயலாளர் என்ன சொல்வான்? "தாராளமா போடு. கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் மலக்கி. சொன்ன அரை மணி நேரத்தில் பிரண்டி கடையில் இருந்தான். மனசாட்சி முரண்டு பிடித்தபோது, 'இது பந்தயமே இல்லை, ஒரு மாதிரி காப்பீடு' என்று அதைத் தட்டிக் கொடுத்தான். வேலை நிலைத்தால் சந்தோஷம். வேலை போனால் நானூறு யூரோ.

கில்பிரானக் ஊரில் காலையில் ரேடியோ கேட்காத வீடு கிடையாது. செய்தி முடிந்ததும் மரண அறிவிப்பு. மரண அறிவிப்பு முடிந்ததும் பிரண்டியின் பலகை. சரியான வரிசைதான் என்பாள் மலக்கியின் மனைவி டெர்வ்லா.

மறுநாள் காலை மூன்று பேருடைய அடக்க நேரத்தைச் சொல்லி முடித்துவிட்டு, ரேடியோக்காரன் ஜார்லத் குரலைச் சற்று உயர்த்தினான். "கர்லியூ ஏர் விழும்கிறதுக்கு விலை ஒரே ராத்திரியில ஒண்ணுக்கு எட்டுலேர்ந்து மூணுக்கு இறங்கியாச்சு! ஏன்னு கேட்டா பிரண்டி ஒரே வார்த்தைதான் சொன்னாரு: 'லாயத்துல வேலை பாக்குறவனே தன் குதிரை தோக்கும்னு பணம் கட்டினா, நான் என்னய்யா பண்ண?'"

மலக்கியின் கையில் இருந்த ரொட்டி வெண்ணெய்ப் பக்கமாகக் கீழே விழுந்தது.

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தனா?" என்றாள் டெர்வ்லா. "எந்தக் கட்டையில போறவன் அவன்? சோறு போடுற கம்பெனி சாவணும்னு பணம் கட்டுவானா ஒரு மனுஷன்?"

"யாருக்குத் தெரியும்" என்று மலக்கி ரொட்டியைத் தேடிக் குனிந்தான். தேவைக்கு மேலேயே சற்று நேரம் குனிந்திருந்தான்.

உணவு இடைவேளையில் போய்ப் பார்த்தால், பிரண்டி கடையிலிருந்து தபாலாபீஸ் வரை வரிசை. கறிக்கடைக்காரர், பாதிரியாரின் சமையற்காரி, புட்பால் பயிற்சியாளர் என்று ஊரில் பாதி நிற்கிறது. எல்லார் கையிலும் நோட்டு. லாயத்துக்காரன் சொன்ன குதிரையை விடுவார்களா?

மலக்கி ஒரு முடிவுக்கு வந்தான். தான் கட்டியதால்தானே விலை இறங்கியது? எதிர்ப்பக்கம் கட்டினால் ஏறிவிடும். மைத்துனன் வீட்டுக்குப் போய், முழங்காலுக்குக் கீழே தொங்கும் அவனுடைய மழைக்கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, காலரைக் காதுவரை தூக்கிவிட்டு, வரிசையில் நின்றான்.

"விழாதுன்னு கட்டணும்" என்றான் ஜன்னலில், குரலை மாற்றி.

"விழாதுக்கு நான் விலையே போடலியேப்பா" என்றார் பிரண்டி. "ஒருத்தன் சாகமாட்டான்னு எவனாவது பந்தயம் கட்டுவானா?" பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "மலக்கி?"

"இருநூறு யூரோ. போடுங்க."

"நேத்து விழும்னு அம்பது. இன்னிக்கு விழாதுன்னு இருநூறு. அதுவும் மாறுவேஷத்துல."

"மாறுவேஷம் இல்ல, மழை."

"மழை காலையிலேயே விட்டாச்சு." பிரண்டி குரலைத் தாழ்த்தினார். "உள்ள என்னமோ பெருசா நடக்குது. நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லாதே. சொன்னா ரெண்டு பேரும் கோர்ட்டுல நிக்கணும்."

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க!"

"தெரிஞ்சவன் இப்படித்தான் சொல்லுவான்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். சட்டைக் கையால் அந்த வரியைத் துடைத்தார். சாக்கட்டியால் எழுதினார்: 'கர்லியூ ஏர்: பந்தயம் நிறுத்தம்.'

வரிசை கப்சிப் என்று ஆனது. பந்தயக்காரன் விலையைக் குறைத்தால் சந்தேகம். பந்தயத்தையே நிறுத்திவிட்டால் விஷயம் உறுதி. இது அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஏற்கெனவே சீட்டு வாங்கியவர்கள் அதைச் சட்டைப் பையின் உள்ளறைக்கு மாற்றினார்கள். பாதிரியாரின் சமையற்காரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

பிரண்டி உள்ளே போய், அதுவரை சேர்ந்த சீட்டுகளை எச்சில் தொட்டு எண்ணினார். எண்ண எண்ண அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நம் வேலை போகப்போவதை நினைத்து இந்த மனுஷன் இப்படி வெளுத்துப்போகிறாரே என்று மலக்கிக்கு மனசு இளகிவிட்டது.

வியாழக்கிழமை காலை மரண அறிவிப்பில் ஒருவர்கூட இல்லை. ஜார்லத் நேராகப் பலகைக்கு வந்துவிட்டான். பத்து மணிக்குள் கிறிஸ்துமஸ் டிக்கெட் நாற்பத்தொன்று ரத்தாயின.

அசம்ப்டா எல்லாரையும் கூட்டினாள். எல்லாரும் என்றால் நாலே பேர்: அவள், மலக்கி, ஃபின்டன், பெட்டி ஏற்றுகிற டோனல். அந்தப் பச்சைக் கோட்டு ஊரில் மொத்தம் நாலுதான்.

"நம்மள்ல ஒருத்தர்தான்" என்றாள். "மலக்கி, நீ யூனியன் செயலாளர். ஆள் யாருன்னு நீதான் கண்டுபிடிக்கணும். திங்கக்கிழமை வரைக்கும் டைம்."

திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தாயிற்று. மலக்கி தலையை ஆட்டினான். வேறு எதை ஆட்டுவான்?

டோனல் ஃபின்டனைப் பார்த்தான். அசம்ப்டாவும் ஃபின்டனைப் பார்த்தாள். சனிக்கிழமை தோறும் ஐந்து யூரோவுக்குக் குதிரை கட்டுகிறவன் அங்கே அவன் ஒருத்தன்தான்.

வெளியே வந்ததும் அவன் மலக்கியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, என் பிள்ளை மேல சத்தியமா நான் இல்லண்ணே."

"தெரியும்ப்பா."

"எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

"நீங்க ஒருத்தராவது நம்புறீங்களே." ஃபின்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்டுப் பத்திரத்தை அப்படியே வெச்சிருக்கேன். கையெழுத்துப் போடல. மனசே வரல."

அன்று முழுக்க மலக்கி மூன்று தடவை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். முதல் தடவை போன் அடித்தது. இரண்டாம் தடவை மிஸஸ் மல்டூன் என்கிற கிழவி கழிவறை எங்கே என்று கேட்டாள். மூன்றாம் தடவை யாருமே குறுக்கிடவில்லை, அவனாகவே மூடிக்கொண்டான்.

ராத்திரி படுக்கையில் ஒரு யோசனை வந்தது. ரேடியோவால் வந்த வினை ரேடியோவாலேயே போகட்டும். வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோவில் ஜார்லத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"கம்பெனி கல்லு மாதிரி இருக்கு" என்றான் மைக்கில். "ஊரார் பயப்பட வேண்டியதே இல்ல."

"கல்லு மாதிரின்னா?" என்றான் ஜார்லத். "தண்ணியில போட்ட கல்லு மாதிரியா?"

"இல்லங்க! முப்பது பேரு ஏறினா போதும். தினம் முப்பது பேரு, வருஷக் கடைசி வரைக்கும். அப்புறம் நம்மள யாரும் அசைக்க முடியாது."

"இப்ப எத்தனை பேரு ஏறுறாங்க?"

மலக்கி பொய் சொல்லியிருக்கலாம். நாலு நாளாகப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தான் போலும். "பதினொண்ணு" என்றான். "நேத்து ஒம்பது."

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் விமான நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் அசம்ப்டா எச்சரிக்கைக் கடிதத்தை டைப் அடித்து, மடித்து, உறையிலும் போட்டுவிட்டாள். "நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னேனா இல்லியா? இப்ப ஊருக்கே தெரியும், எத்தனை நாள்ல சாவோம்னு! நமக்கும் சேர்த்து ஜார்லத் மரண அறிவிப்பு வாசிச்சிடலாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலக்கி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமை காலை, வேண்டா வெறுப்பாக, கடல் தாண்டி லீட்ஸ் நகரத்துக்குப் போகும் அன்றைய விமானத்தின் பயணிகள் பட்டியலைத் திறந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

முப்பத்து மூன்று பேர்.

மறுநாள் முப்பத்தொன்று. புதன்கிழமை முப்பத்தாறு. அந்த வாரம் முழுக்க முப்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஆள் யாரென்று கண்டுபிடிக்கச் சொன்னதை அசம்ப்டா அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனாள். எச்சரிக்கைக் கடிதத்தைத் தானே கேட்டு வாங்கிக் கிழித்தாள். "ஊரு உன் பேச்சைக் கேட்டிருக்கு மலக்கி" என்றாள். "தலைமை அலுவலகத்துலேர்ந்து உனக்கு ஒரு கேடயம் அனுப்புறாங்களாம்."

ஏறியவர்கள் எல்லாம் வழக்கமான பயணிகள் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர், சர்ச் பாடகர் குழு, செவ்வாய்க்கிழமை சீட்டாடும் விதவைகள். பெட்டி கிடையாது, ஒரு கைப்பை, அதில் ஹாம் சாண்ட்விச். காலையில் லீட்ஸுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். மிஸஸ் மல்டூன் மட்டும் மூன்று வாரத்தில் எட்டுத் தடவை போனாள்.

"அங்க என்ன விசேஷம், மிஸஸ் மல்டூன்?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஒரு டீ குடிச்சேன்."

"டீ நல்லா இருந்துதா?"

"கழனித்தண்ணி." அவள் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். "ஊருக்குன்னு ஒரு விமானம் இருக்கணும்லப்பா. அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காதே."

அவன் கேட்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். நல்லது செய்வார்கள், செய்ததை வெளியே சொன்னால் வெட்கப்படுவார்கள். ஒருவன் வீடு எரிந்தால் விடிவதற்குள் வாசலில் சோபா வந்து நிற்கும், யார் வைத்தது என்று கடைசிவரை தெரியாது. மலக்கி கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதான். இந்த ஜனங்களுக்கு எதிராகவா ஐம்பது யூரோ கட்டினோம் என்று அழுதான்.

தெருவில் நடந்தால் எல்லாரும் நிறுத்தி விசாரித்தார்கள். "இன்னிக்கு எத்தனை பேருப்பா?" என்று பாதிரியார் கேட்டார், பள்ளிக்கூட டீச்சர் கேட்டாள், பிரண்டி கேட்டார். முப்பத்து நாலு என்றால், "கடவுள் பெரியவர்" என்று தொப்பியைத் தூக்கினார் பிரண்டி. கறிக்கடைக்காரர் மட்டும் எண்ணிக்கையைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். வான்கோழி வியாபாரம் மந்தம் போலும்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், மலக்கி சாக்ஸ் அலமாரியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து டெர்வ்லாவிடம் நீட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கட்டையில போறவன் நீதானா?"

"நான்தான்."

"பயந்துபோய்க் கட்டினே. அதைக்கூட மன்னிச்சிடுவேன். அந்தப் பையன்கிட்ட கையெழுத்துப் போடுன்னு சொல்லிட்டு, அதே வாயோட போய் விழும்னு கட்டினியே மலக்கி. அதை எப்படி மன்னிக்கிறது?"

மலக்கி அவள் கையிலிருந்து சீட்டைத் திரும்ப வாங்கினான். சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஃபின்டனைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டான். அடித்தால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு, மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தான்.

ஃபின்டன் அந்தக் கண்ணாடியை எடுத்து அவனிடமே நீட்டினான். பிறகு, "ஒண்ணரை மாசமா எல்லாரும் என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்தாங்க அண்ணே" என்றான்.

"தெரியும்."

"நீங்க என் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுன்னீங்க."

"ஆமா."

ஃபின்டனுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "போங்கண்ணே. ஊரே சேர்ந்து நம்மளத் தூக்கி நிறுத்தியிருக்கு. இப்ப நான் எதுக்கு உங்களோட சண்டை போடணும்? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தத் தடவை நிஜமா சொல்லணும். அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடலாமா?"

மலக்கி யோசித்தான். யூனியன் செயலாளராக இல்லை, ஒரு மனுஷனாக உண்மையாகவே யோசித்தான். காலையில்தான் அசம்ப்டா சொல்லியிருந்தாள்: கடன் கொடுத்தவர்கள் இனி மாதா மாதம் எண்ணிக்கையைப் பார்ப்பார்களாம், இந்த ஜனம் இப்படியே ஏறிக்கொண்டிருந்தால் பயமே இல்லையாம். ஆறு வாரமாகத் தன் கண்ணால் பார்த்த முகங்களை நினைத்துக்கொண்டான். சாண்ட்விச் பொட்டலங்களை நினைத்துக்கொண்டான்.

"போடு" என்றான். இருபத்து மூன்று வருஷத்தில் அவ்வளவு நிச்சயமாக அவன் எதையும் சொன்னதில்லை.

டிசம்பர் முப்பதாம் தேதி ஃபின்டன் கையெழுத்துப் போட்டான். முப்பத்தோராம் தேதி பெரிய கேக் ஒன்றை வெட்டிக் கவுன்டரிலேயே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் துண்டு போட்டுக் கொடுத்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவியும் வந்திருந்தாள். கேடயம் மலக்கியின் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. அன்றைய விமானத்தில் நாற்பத்தேழு பேர்.

நாற்பத்தெட்டாவதாக, மூச்சு வாங்க மிஸஸ் மல்டூன் வந்து சேர்ந்தாள். மலக்கி எழுந்து நின்று அவளுக்கு ஒரு கேக் துண்டை நீட்டினான்.

"உங்களையெல்லாம் நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன், மிஸஸ் மல்டூன். அடுத்த வாரமும் செவ்வாய்க்கிழமைதானே? ஜன்னலோரமா எடுத்து வைக்கட்டுமா?"

கிழவி கேக்கை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அடுத்த வாரம் எதுக்கு தம்பி வரப்போறோம்? பந்தயக் கெடு இன்னிக்கு ராத்திரியோட முடியுதுல்ல, நாளையிலேர்ந்து பிரண்டி எங்க யாருக்கும் டிக்கெட் எடுத்துத் தரமாட்டாரே."